விட்டுப் புடி

மசினகுடி ஜீப் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகளிலேயே கட்டையானது ராஜப்ரியாவின் ஜீப்தான். வாங்கும்போது அது இவ்வளவு கட்டையாக இல்லை. அவள் கணவன் விமல் தன் பட்டறையில் வைத்து, சேஸிஸை நடுவில் அறுத்து, ஒரு முழத்துக்கு மேல் எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தான். காட்டோரப் பாதையில் மற்ற டிரைவர்கள் முன்னும் பின்னும் எடுத்துத் திருப்புகிற இடத்தை அவள் ஒரே ஒடிப்பில் திரும்பி வந்துவிடுவாள். ஸ்டாண்டில் அந்த வண்டிக்கு ஆட்டுக்குட்டி என்று பெயர். ஸ்டாண்டின் ஒரே பெண் டிரைவருக்கும் ஆரம்பத்தில் ஏதேதோ பெயர் வைத்துப் பார்த்தார்கள். கல்லட்டி இறக்கத்தில் அவள் வண்டி இறக்குவதைப் பார்த்த பிறகு அதெல்லாம் ஓய்ந்தது.

கல்லட்டியில் வண்டி இறக்குவது என்றால் பிரேக்கை நம்பாமல் இறக்குவது. நம்பினால் பாதி வழியில் புகை வரும், அப்புறம் பிரேக்கே வராது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஒரு கியர் குறைத்து, என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும். இதற்கு டிரைவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘விட்டுப் புடி’. வண்டி பழகுகிறவனைப் பார்த்து முதலில் அதைத்தான் கத்துவார்கள். ராஜப்ரியாவுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமாக இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. சொன்னால் கால் தானாக எழும்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்:

“ஏனுங்க, நாலாவது கியர் எதுக்குங்க வச்சுருக்காங்க? அழகுக்கா?”

விமல் சிரித்தான். சிரித்திருக்கக்கூடாது என்று பிறகு பலமுறை நினைத்தான். மலையில் வண்டி ஓட்டுகிறவளுக்கு நேர்ரோடு என்பது கேள்விப்பட்ட சங்கதி. இரண்டாவதும் மூன்றாவதுமாகவே காலம் போகிறது. ஒரு தடவையாவது கண்ணுக்கெட்டிய தூரம் வரை வளைவே இல்லாத ரோட்டில் முழுசாக மிதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. கோயம்புத்தூரைத் தாண்டி, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய ஓடுதளத்தில் நாலு சக்கர இழுவை வண்டிகளுக்கு மட்டும் பந்தயம் நடக்கிறது என்று ஊட்டி பெர்ன்ஹில்லில் ஜீப் ஓட்டும் கமலேஷ் சொல்ல, அந்த ஆசைக்கு ஒரு இடமும் தேதியும் கிடைத்துவிட்டது.

விமல் பெரிய என்ஜின் ஒன்றைப் பார்த்து மாட்டினான். வண்டிக்கு உள்ளே கம்பிக்கூண்டு அடித்தான். அடிக்கும்போதே அவன் மனது சரியில்லை. அவன் அறுத்த வண்டி அது. முன் சக்கரமும் பின் சக்கரமும் பக்கம் பக்கமாக இருக்கிற வண்டி காட்டில் சட்டென்று திரும்பும். அதே குணம் வேகத்தில் எமனாகும். நீளமான ஏணியைத் தோளில் வைத்து நடந்தால் அது திரும்ப நேரம் எடுக்கும், நாமும் சுதாரிக்கலாம். கட்டைக் கம்பு அப்படியில்லை. பின்பக்கம் கொஞ்சம் விலகினாலும், ஓட்டுகிறவர் கை அசைவதற்குள் மொத்தமும் சுற்றிவிடும்.

பந்தயத்தன்று, ஊரில் லாரியும் பிக்கப்பும் வாடகைக்கு விடும் எல்லப்பன் அண்ணனின் லாரியில் ஜீப்பை ஏற்றிக்கொண்டு போனார்கள். கமலேஷ் தன் நீளமான ஜீப்போடு முன்பே வந்திருந்தான்.

“ப்ரியாம்மா, இது ஜீப்பா, ஸ்டூலா?”

“ஸ்டூலுதானுங்கண்ணா. உங்குளுது மண்டபத்து பெஞ்சு. நாலு பேரு சேந்து தூக்குனாத்தான் நவுரும்.”

எல்லப்பன் விமலைப் பார்த்தார். “ஊட்டுக்காரிய ஏத்தி உட்டுட்டு நீ கீழ நின்னு வேடிக்கை பாப்பியாக்கும்?”

“நான் ஏறுனா வண்டி நவுராதுங்கண்ணா” என்று விமல் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

காலையில் ஒரு சோதனை ஓட்டம் விட்டார்கள். போய்த் திரும்பி வந்த ராஜப்ரியா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் சிரிப்பு.

“மூணாவதுலயே தொண்ணூறு வரைக்கும் வெண்ணெயாட்டம் போச்சுங்க. அதுக்கு மேல ஸ்டியரிங் கையில நடுங்குது. பொறவு பின்னாடி யாரோ எட்டி ஒதைக்கற மாதிரி இருக்குது.”

“போதும் ப்ரியா. ஏத்திக் கட்டீட்டு போயிரலாம்.”

“நடுங்குதுன்னுதான் சொன்னேன். பயமா இருக்குதுன்னு சொன்னனா?”

விமல் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அதற்குப் பதிலாக அவனுக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். முன் அச்சுக்கும் அதைத் தாங்கும் வில்பட்டைக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்து அச்சின் சாய்வைக் கூட்டினான். டயர் காற்றைச் சரிபார்த்தான். பின் அச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளை இறுக்கிக் கட்டினான். பிறகு அவளிடம் சொன்னான்:

“கிளம்பறப்ப நாலு சக்கரமும் இழுக்கட்டும். மூணாவது விழுந்ததும் சின்ன லிவரத் தள்ளி பின் சக்கரத்துக்கு மட்டும் வந்துரு. முன்னாடி இழுவை நின்னா நடுக்கம் குறையும். மீறி நடுங்குனா ஸ்டியரிங்க இறுக்கிப் புடிக்காத. லூசா வெச்சுக்க, அதுவா நேராகும்.”

“சரிங்க.”

ஹெல்மெட்டுக்குள் இயர்போனைச் செருகி, செல்போனில் அவனோடு லைனைப் போட்டுக்கொண்டாள். விமல் ஓடுதளத்தின் பாதி தூரத்தில், தடுப்புக்குப் பின்னால் போய் நின்றான்.

கொடி விழுந்தது. பக்கத்துத் தடத்தில் கமலேஷின் பெஞ்சு நகருவதற்குள் ஸ்டூல் பாய்ந்துவிட்டது. இரண்டு, மூன்று என்று கியர் மாறுகிற சத்தம் விமலுக்குக் கேட்டது. சின்ன லிவரையும் சொன்ன இடத்தில் தள்ளினாள். நான்காவது கியர் விழுந்தபோது போனில் அவள் மூச்சுவிடாமல் “ஆங்…” என்றாள். இத்தனை வருஷ ஆசை அந்த ஒரு சத்தத்தில் இருந்தது.

அவன் நிற்கும் இடத்தை வண்டி நெருங்கும்போது முன் சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்தான். அவள் தோள் விறைத்திருந்தது. ஸ்டியரிங்கை நெரித்துப் பிடித்திருக்கிறாள் என்று புரிந்தது. பதற்றம் காட்டாமல் போனில் சொன்னான்:

“விட்டுப் புடி ப்ரியா. விட்டுப் புடி.”

என்ஜின் சத்தம் சட்டென்று அறுந்தது. அடுத்த கணம் கியர் குறைகிற அலறல். அந்த வேகத்தில், என்ஜின் பிடிக்கிற பிடி முழுவதும் பின் சக்கரங்களில் மட்டும் விழுந்தது. பின்பக்கம் தரையை விட்டுவிட்டு முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. ஜீப் ஒரு சுற்று சுற்றி, புல்லில் இறங்கி, பக்கவாட்டில் சாய்ந்து உழுதுகொண்டே போய் நின்றது.

விமல் எப்படி ஓடினான் என்று அவனுக்குத் தெரியாது. கூண்டு நசுங்கவில்லை. பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த ராஜப்ரியா கண் விழித்திருந்தாள். கமலேஷ் தன் ஓட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து பெல்ட்டை அறுத்தான். ஆம்புலன்ஸுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் அவனும் ஒருவன். அவர்கள் போகும்போது விமல் ஒரு கணம் திரும்பி வண்டிக்குள் பார்த்தான். கியர் நான்கில் இல்லை. மூன்றில் இருந்தது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பட்டறையில் ‘விட்டுப் புடி’ என்பது கைக்குச் சொல்வது. என்ஜினைச் சங்கிலியில் தூக்கும்போதும், பிடிவாதமான போல்ட்டைத் திருப்பும்போதும், இறுக்காமல் தளர்த்திப் பிடி என்று சொல்வது. டிரைவரிடம் அது காலுக்குச் சொல்வது. இரண்டும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு வாயில் வந்தது பட்டறைச் சொல்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கமலேஷ் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். கெட்ட எண்ணமில்லாமல்தான் சொன்னான்: “பொண்ணு பயந்து கால எடுத்துருச்சு. அந்த ஸ்பீடுல, கட்டை வண்டியில கால எடுக்கலாமா?” சாயங்காலத்துக்குள் வண்டி சுற்றுகிற வீடியோ ஸ்டாண்டு குரூப்புக்கு வந்துவிட்டது. அடியில் இதே வார்த்தை: பயந்துருச்சு.

வலது காறை எலும்பு முறிந்திருந்தது. மற்றபடி சிராய்ப்புகள். கட்டுப் போட்ட பிறகு ராஜப்ரியா மெதுவாகச் சொன்னாள்:

“எம் பேர்ல தப்புங்க. பயந்துட்டனாட்டம் இருக்குது. எப்பக் கால எடுத்தேன்னே தெரீல.”

விமல் வாயைத் திறந்தான். “அத வுடு இப்ப” என்று மட்டும் வந்தது. பயந்துவிட்டோம் என்று அவள் நம்பினால் இனி ஓடுதளம் பக்கமே போகமாட்டாள் என்று ஒரு எண்ணம் ஓடியது. அதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி அவனுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் பேசாமல் இருந்துவிட்டான்.

வீட்டுக்குத் திரும்புகிற நாளில் எல்லப்பனின் பிக்கப்பை வாங்கிக்கொண்டு விமல் ஓட்டினான். குன்னூர் தாண்டி ஊட்டி வருகிற வரைக்கும் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஊட்டியில் டீக்கு நிறுத்தியபோது சொன்னாள்:

“வண்டிய வித்துரலாமுங்க.”

“வேற என்ஜின் போட்டு, பழையபடி சபாரிக்கு ஓட்டலாம் ப்ரியா.”

“இல்லீங்க. ஸ்டாண்டுக்கே இனி வரல. எங்காலு என்ன செய்யும்னு எனக்கே தெரீல. பொறவு அத நம்பி யாரோட புள்ளைகள ஏத்தறது?”

பந்தயம் மட்டும்தான் போகும் என்று விமல் நினைத்திருந்தான். அவன் பேசாமல் இருந்த நாளெல்லாம் அவள் தன் காலையே கொஞ்சம் கொஞ்சமாகக் கைகழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தான். கிளாஸை வைத்துவிட்டுச் சொல்லலாம், வண்டியில் ஏறிச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, கல்லட்டி வந்துவிட்டது.

இரண்டாவது கியரில் செல்லவும் என்ற போலீஸ் பலகையைத் தாண்டும்போதும் அவன் நினைப்பு ரோட்டில் இல்லை. வண்டி மூன்றாவதில் இருந்தது. வளைவு எதிரே வந்தது. ராஜப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“விட்டுப் புடிங்க.”

விமலின் கால் எழுந்தது. கை கியரை இழுத்தது. என்ஜின் முனகி வண்டியைப் பிடித்தது. வளைவு திரும்பி முடிந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரிந்தது. அடுத்த வளைவும் போனது.

“அன்னிக்குப் போன்ல…” என்றாள்.

அவன் ரோட்டையே பார்த்தான்.

“நீங்க இதயேதான் சொன்னீங்க.”

“கைக்குச் சொன்னேன் ப்ரியா.”

“எனக்குக் காலுக்குத்தான் கேட்டுச்சு.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“கியரப் பார்த்தப்ப.”

ஆஸ்பத்திரியும், கட்டுப் போட்டதும், வீடியோவும், டீக்கடையும் எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. அவள் ஒவ்வொன்றாகக் கணக்குப் போடுவது அவனுக்குத் தெரிந்தது. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கீழே வந்ததும் வெயில் கூடியது. காதடைப்பு விட்டது. மசினகுடிக் கடைகள் தெரிந்தன.

“ஸ்டாண்டுல நிறுத்துங்க.”

“ஊட்டுக்குப் போய் மொதல்ல படு. நாளைக்கு நான் வந்து…”

“எங்கிட்ட சொன்னது பத்தாதுங்க. நிறுத்துங்க.”

ஸ்டாண்டில் மதியச் சவாரிக்குக் காத்திருந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஊட்டியிலிருந்து ஆள் ஏற்றிவந்த கமலேஷும் அவர்களோடு இருந்தான். பிக்கப்பைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

“ப்ரியாம்மா, தோளு எப்படி இருக்குது? பயந்ததெல்லாம் மறந்துரு. யாரா இருந்தாலும் அந்த ஸ்பீடுல…”

ராஜப்ரியா இடது கையால் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி முழுசாக இறக்கினாள். விமல் இறங்கி வண்டியின் முன்னால் போய் நின்றான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டான்.

“கமலேஷு, அவ பயப்படல” என்றான்.

“கேக்கலீங்க” என்றாள் ராஜப்ரியா, உள்ளே இருந்தபடியே. “அந்தக் கடைசி வண்டி வரைக்கும் கேக்கோணும்.”

விமல் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.