மூன்று மாதங்கள் கழிந்தன என்று எழுதியவன்

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. ஒரு புகாரில் பிறந்தது. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு வந்த அம்பரீன் என்ற பெண், என் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். அதில் ஏழு சிவப்பு அம்புகள் ஒட்டியிருந்தன.

(ஷூ கம்பெனியில் தோலில் கீறலோ தையலில் கோணலோ இருந்தால் அந்த இடத்தைக் காட்ட ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அவளுக்கு அதுதான் வேலை, பத்து வருடமாக.)

இருபத்தாறு வருடமாக வார இதழ்களுக்கு எழுதுகிறேன். தொடக்க வரிக்காக நான் காத்திருந்ததே இல்லை. இந்த முறை மூன்றை எழுதி மூன்றையும் அடித்தேன்.

‘ஆம்பூர் பஸ் நிலையத்தில் மழை…’ மழை பெய்யவில்லை.

‘அம்பரீனின் விழிகளில் ஆழ்ந்த சோகம்…’ சோகம் இல்லை. கோபம் இருந்தது.

‘வாழ்க்கை என்பது…’ வேண்டாம்.

2

நடந்தது இது. போன வருடம் முடிந்த என் தொடரின் நாயகி நந்தினிக்கு மனச்சோர்வு, பதற்றம். மருத்துவர் மாத்திரை கொடுக்கிறார். குணமாகிறாள். கடைசி அத்தியாயத்தில் பாலத்தின் மேல் நின்று மாத்திரை அட்டையைப் பாலாற்றில் வீசுகிறாள். ‘இனி எனக்கு நானே மருந்து’ என்கிறாள். பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. எனக்கு ஒரு சால்வையும் கிடைத்தது.

அதே மாத்திரைகளை எடுத்துக்கொண்டிருந்த அம்பரீன், அத்தியாயத்தைப் படித்த மறுநாள் தன் மாத்திரையை நிறுத்தினாள். ஒரே நாளில். டாக்டரிடம் சொல்லாமல்.

ஐந்து மாதம் நன்றாக இருந்தாள். ஆறாவது மாதம் கம்பெனி கேட்டுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்று வாந்தி எடுத்தாள். இப்போது டாக்டர் மறுபடி ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார். அட்டை பதினோரு நாளாக அவள் கைப்பையில் இருக்கிறது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

3

கணவர் தபரேஸ் கூட வந்திருந்தார். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: “இவ கையில இருந்து ஒரு டேமேஜ் ஷூ தப்பிச்சு வெளிய போனதில்ல சார். உங்க கதை இன்னா, தப்பிச்சுடுமா? நான் டீ குடிச்சிட்டு வர்றேன்.”

அம்பரீன் முதல் அம்பைக் காட்டினாள். “‘பாலாற்றின் அலைகள் அதை வாங்கிக்கொண்டன.’ பாலாத்துல எந்த வருசம் சார் அலையப் பாத்தீங்க? மணல்ல விழுந்திருக்கும். உங்க நந்தினி எறங்கிப் போய்ப் பொறுக்கியிருக்கலாம்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“கதைதானேம்மா,” என்றேன்.

“கதைதான். மாமியார் மாத்திரைய நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்தல. அண்ணன் சொன்னான், நிறுத்தல. அவங்க சொன்னா சண்ட போடலாம். நீங்க அழகா சொல்லிட்டீங்க.”

நான் அவள் கைப்பையைப் பார்த்தேன்.

“மறுபடி ஆரம்பிக்க என்ன பயம்?”

“மொத தடவ பத்து நாள் வயித்தப் பொரட்டிச்சு. பதட்டம் கம்மி ஆவறதுக்கு முன்னாடி ஜாஸ்தி ஆச்சு. கை நடுங்கிச்சு. ஷூவ வெளிச்சத்துல புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாக்கறதுதான் என் வேல. எனக்குக் கீழ வேல பாக்கற எட்டுப் பொண்ணுங்க என் கையத்தான் பாத்துட்டு இருப்பாங்க.” நிறுத்தி, மூச்சு வாங்கினாள். “அன்னிக்குக் கேட்ட மருந்து இப்பவும் கேக்குமா? கேக்கலைன்னா இன்னா பண்றதுன்னு ஒரு பயம். கேட்டுச்சுன்னா சாவற வரைக்கும் சாப்பிடணுமோன்னு இன்னொரு பயம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. ஆனா ஒரே வூட்ல குடியிருக்குது.”

“இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டீர்களா?”

“ஏன் நிறுத்தினேன்னு அவர் மறுபடி கேப்பாரே. பத்திரிகையில கதை படிச்சேன்னு சொல்றதா? பி.காம். படிச்சவ சார் நானு. ஊருக்குப் போனேன், மறந்துட்டேன்னு பொய் சொல்லி வெச்சிருக்கேன்.”

பிறகு கடைசி அம்பைத் தொட்டாள். அது ஒட்டியிருந்த வரி: ‘மூன்று மாதங்கள் கழிந்தன. நந்தினி மலர்ந்தாள்.’

“இதுதான் பெரிய டேமேஜ். எனக்கு வேண்டியது அந்த மூணு மாசம்தான். அவ எப்படிப் பல்லு வெளக்கினா, எப்படி வேலைக்குப் போனா, யார்கிட்ட இன்னா சொல்லி லீவு கேட்டா? நீங்க ஒரு வரில தாண்டிப் பூட்டீங்க.”

4

பத்திரிகை ஆசிரியர் பூவரசனுக்குப் போன் செய்து, ஒரு திருத்தம் வெளியிடச் சொன்னேன்.

“கதைக்கு எப்படி சார் திருத்தம் போடறது? எல்லாம் கற்பனைன்னு மொதல்லயே போட்டிருக்கோமே.”

வாசகரே, கேளுங்கள். ரவா லட்டுக் குறிப்பில் சர்க்கரை அளவு தவறினால் அடுத்த வாரமே ‘வருந்துகிறோம்’ என்று போடும் பத்திரிகை இது. ராசிபலனில் கும்பமும் மீனமும் இடம் மாறியதற்குக் கால் பக்கம் மன்னிப்புக் கேட்டது. ஒரு பெண் வாசலில் நின்று வாந்தி எடுத்ததற்கு ஒரு வரி இல்லை. ஏனென்றால் அது கற்பனை.

(பூவரசனைத் திட்டுவது சுலபம். அதனால்தான் அவரை முதலில் திட்டினேன். அந்தத் தொடரின் நாயகன் ஓட்டும் பைக் எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று மெக்கானிக்கிடம் விசாரித்து எழுதியவன் நான். நந்தினியின் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அது அழகான காட்சி. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.)

திருத்தம் போடமாட்டார்கள். கதை என்றால் போடுவார்கள். ஆகவே இது கதை.

5

முடிவுகள் எழுதினேன். அம்பரீனின் சாப்பாட்டு இடைவேளையில் போனில் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

முடிவு அ: அம்பரீன் மாத்திரையை விழுங்குகிறாள். ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கிறது.

“ஒடனே வெயிலா? அது இன்னா மாத்திரை, சுவிட்சா?”

முடிவு ஆ: பழுதான ஷூவைச் சரிசெய்யத் திருப்பி அனுப்புவார்களே, அதுபோல அவளும்…

“சார், நான் ஷூ இல்ல.”

முடிவு இ: அட்டை பையிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் நாள், பதின்மூன்றாம் நாள், அவள்…

இதை நான் படித்துக் காட்டவில்லை. எழுதவும் முடியவில்லை.

6

“சரி, நீங்கள் கேட்ட அந்த மூன்று மாதத்தையே எழுதுகிறேன்,” என்றேன். “ஒவ்வொரு நாளாக. தாண்டாமல். கேளுங்கள்: ‘முதல் நாள் காலை அம்பரீன் பாதி மாத்திரையை…’”

“நிறுத்துங்க.”

நிறுத்தினேன்.

“நான் இன்னும் சாப்பிடல சார்.”

“தெரியும். ஒரு தைரியத்துக்காக…”

“நீங்க எழுதினதப் பாத்து ஒரு தடவ செஞ்சாச்சு. போதும். நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன். கதை படிச்சுத்தான் நிறுத்தினேன்னு சொல்லப் போறேன். சிரிச்சா சிரிக்கட்டும். அந்தப் பத்து நாளுக்கு இன்னா வழின்னு கேக்கப் போறேன். அப்புறம் சாப்பிடறதா இல்லியான்னு நான் பாத்துக்கறேன். நீங்க முன்னாடி போவாதீங்க. என் பின்னாடி வாங்க.”

கம்பெனி மணி அடித்தது. வைத்துவிட்டாள்.

இருபத்தாறு வருடத்தில் என்னை யாரும் இப்படி ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தியதில்லை. கை பரபரக்கிறது. அந்த வாக்கியம் எப்படி முடியும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதை முடிக்க அரை நிமிடம் போதும்.

வழக்கமாக இந்த இடத்தில், ‘முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன்’ என்று எழுதிவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்வோம். தரமாட்டேன். அது என்னுடையது இல்லை. உங்களுடையதும் இல்லை.

முதல் நாள் காலை அம்பரீன்