ஏரிச் சாலைக்கு நாலு டயர்

டயர் கடைக்காரன் ரௌனோவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "உங்க அளவுக்கு ஆணி டயர் இல்லையே, பெரியவரே" என்றான். காது மடல் சிவந்துவிட்டது.

"அக்டோபர்ல இல்லைன்னா எப்ப வச்சிருப்ப? ஜூலையிலயா?" என்றார் எய்னோ.

அவர் மகள் மர்யுக்கா காப்பிக் கோப்பைக்குள் பார்வையை இறக்கிக்கொண்டாள். எல்லாம் அவள் வேலைதான். முந்தின நாள் தான் வசிக்கும் ஊலு நகரத்திலிருந்து கடைக்குப் போன் போட்டு, அப்பா கேட்டால் இல்லை என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சியிருந்தாள். அப்பாவுக்கு எண்பத்தொரு வயசு, இடது கண்ணில் புரை. டாக்டர் என்னவோ இன்னும் ஓட்டலாம் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார். உறைபனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த பழைய டயர்கள் வழுவழுவென்று தேய்ந்துவிட்டன. புதுசு கிடைக்காவிட்டால் மனுஷன் காரை விட்டுவிடுவார் என்று நம்பியிருந்தாள். அம்மா இருக்கும் முதியோர் இல்லம் முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஏரியை ஒட்டியே போகும் சாலையில். அப்பா தினமும் போவார். அம்மா தினமும் இவர் யாரென்று கேட்பாள். கேட்டுவிட்டு, அவர் கொண்டுபோன லவங்கப்பட்டை பன்னைச் சாப்பிடுவாள்.

"சரி, ஆணியில்லாதது இருக்குல்ல? அதை மாட்டு" என்றார் எய்னோ.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆணியில்லாத டயர் நகரத்துக்குப் போதும், அவளே அதில்தான் ஓட்டுகிறாள். ஆனால் ஏரிச் சாலையில் மதியம் மழை பெய்து மாலையில் கண்ணாடியாக உறையும். எதிரே மர லாரிகள் வரும்.

"அதுல அங்க போக முடியாதுப்பா."

"மெதுவாப் போறேன்."

"ஒரு நாள் போகலன்னா அம்மாவுக்குத் தெரியவா போகுது?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்ல" என்றார், குரலை உயர்த்தாமல்.

ரௌனோ அவளைப் பார்த்தான். இனி மறைத்துப் பயனில்லை.

"ஆணி டயர் உள்ள இருக்குப்பா. நான்தான் இல்லைன்னு சொல்லச் சொன்னேன்."

எய்னோ அவள் பக்கம் திரும்பவே இல்லை. "எத்தனை குளிர்காலம் தாங்கும்?" என்று ரௌனோவிடம் கேட்டார்.

"நாலு. பதமா ஓட்டினா அஞ்சு."

"அவ்வளவு எனக்கு வேண்டாம். பாதியா நறுக்கித் தர மாட்டியே. மாட்டு."

மாட்டி முடிக்கும்வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழைத் தூறலோடு பனியும் கலந்து விழத் தொடங்கியது.

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"எனக்கும்தான். அதுக்குத்தானே ஆணி" என்றார். வெளியே பார்த்தபடியே, "பயத்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம். அவன்கிட்ட போய் ஏன் சொன்ன?" என்றார்.

தான் ஓட்டுவதாகச் சொல்லிப் பார்த்தாள். "இன்னைக்கு ஓட்டுவ. நாளைக்கு?" என்று ரௌனோவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

புது ஆணிகள் தாரில் சடசடக்கக் கார் கிளம்பியது; மர்யுக்கா கடை வாசலில் நின்று பார்த்தாள். முச்சந்தியில் நின்றது. ஏரிப்பக்கம் திரும்ப இடது விளக்கு மினுங்கியது. இரண்டு பக்கமும் வெகுதூரம்வரை ஒரு வண்டியும் இல்லை. விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்க, திரும்பத் துணியாததுபோல் கார் அங்கேயே நின்றது.