பிஹோகோவின் படர்தாமரை

எங்கள் எம்பராரா நகர ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் ருவகிஷாயா பூஞ்சைகளை இனம் பிரிப்பதில் புலி. மனிதனுக்கு மனிதன் தொற்றுவது எது, விலங்கிலிருந்து நம் தோலுக்குத் தாவுவது எது என்று பூஞ்சை வளர்த்த தட்டைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். பூனை, நாய், ஆடு எதையும் விட்டுவைத்ததில்லை. மாடு என்றால் மட்டும் மனுஷனுக்குக் கண் தெரியாது. எங்கள் ஊரில் ஒருவருடைய மாட்டைக் குறை சொல்வதைவிட அவர் மனைவியைக் குறை சொல்லிவிடலாம்.

அவருடைய செல்லப் பசு பிஹோகோ. அதன் கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொருக்கு கட்டியது. அதே வாரம் அதன் மேய்ப்பர் கஜூராவின் இரண்டு முன்கைகளிலும் படர்தாமரை. பசுவுக்குக் கொடுத்தவன் கஜூராதான் என்று டாக்டர் தீர்ப்புச் சொல்லி, மாதக் கடைசியில் வெளியேறச் சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில், இந்தப் பட்டத்தோடு போகிறவரை எவர் தொழுவத்தில் சேர்ப்பார்கள்?

பசு, கஜூரா இருவர் தோலையும் சுரண்டி எடுத்துத் தட்டில் வளர்த்தேன். மூன்று வாரம் கழித்து இரண்டு தட்டிலும் ஒன்றே முளைத்திருந்தது. மற்ற பூஞ்சைகள் சுணங்கும் உடல் சூட்டில் இது கொழித்தது. நுண்ணோக்கியில் மணி கோத்த மாதிரி சங்கிலி சங்கிலியாகத் தெரிந்தது. மாட்டுப் பூஞ்சை என்று முதலாண்டு மாணவனே சொல்லிவிடுவான். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு, இது மனிதப் பூஞ்சைதான், மாட்டோடு பழகி மாட்டுக் குணம் வந்துவிட்டது, புதிய வகையாக அறிவிக்கலாம் என்றார். படித்தவர் பொய் சொன்னால் அதற்கு ஒரு லத்தீன் பெயரும் கிடைத்துவிடுகிறது.

அடுத்த திங்களன்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார். தாடையில் சோடா மூடி அளவுக்குச் சிவப்பு வளையம். தினமும் விடிந்ததும் பிஹோகோவின் நெற்றியில் கன்னம் வைத்து அதன் புகழைப் பாடுகிறவர் அவர். நான் சுரண்டி எடுத்துவிட்டுப் படிவத்தை விரித்தேன். யாரிடமிருந்து தொற்றியது என்று அதில் ஒரு கட்டம்.

"கஜூராகிட்டேருந்துதான். வேற யாரு?" என்றார்.

"சார், பதினோரு வருஷமா அவருக்கு நீங்க ஒரு தடவகூடக் கை குடுத்ததில்ல. அவரு கை உங்க தாடையில எப்ப பட்டுச்சு?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கஜூராவ இருக்கச் சொல்லு," என்றார் கடைசியில். "மாடுன்னு போட்டுக்க. பிஹோகோன்னு பேர மட்டும் எழுதாத. மனசு கஷ்டப்படும்."

யார் மனசு என்று நான் கேட்கவில்லை. பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினேன்.