தலைகீழ் ஒட்டகம்

வெண்ணந்தூர்ப் பள்ளிக்கூடத்தில் மேஜிக் லாந்தர் வந்து இறங்கிய அன்றே சகாயம்மாள் டீச்சரின் தூக்கம் போய்விட்டது. வைக்கோல் சுற்றி மாட்டு வண்டியில் வந்த தகரப் பெட்டியை ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. உள்ளே ஒரு விளக்கு, முன்னால் மூக்கு மாதிரி ஒரு குழாய். கண்ணாடிப் படத்தை நடுவில் செருகினால் சுவரில் யானை ஆள் உயரத்துக்கு நிற்குமாம். நிற்கட்டும், யார் வேண்டாம் என்றது? கூடவே வந்த வீரபாகு என்ற பட்டணத்து ஆராய்ச்சிக்காரர் கொண்டுவந்த சேதிதான் வில்லங்கம்.

நாலாம் வகுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டுமாம். ஒரு பாதிக்குத் தீர்த்தகிரி வாத்தியார் லாந்தரில் படம் காட்டிப் பூகோளம் நடத்துவார். மறு பாதிக்குச் சகாயம்மாள் அதே பாடத்தை வாயாலும் சாக்கட்டியாலும் நடத்துவாள். கோடை விடுமுறைக்கு முன்னால் வீரபாகு திரும்பி வந்து பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். கருவியால் படிப்பு ஏறுகிறதா இல்லையா என்று அப்போது தெரிந்துபோகும். நிர்வாகி தண்டாயுதபாணி முதலியார் ஜவுளிக் கணக்குப் பார்த்தே வளர்ந்த மனுஷர். லாந்தர் ஜெயித்தால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே இருட்டில் உட்கார வைத்துவிடலாம், ஒரு வாத்தியார் போதும் என்று அங்கேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். எந்த வாத்தியார் வீட்டுக்குப் போவார் என்று வேறு சொல்ல வேண்டுமா?

வேலை போனால் சேலத்துக்குத்தான் திரும்ப வேண்டும். சேலத்தில் ஆரோக்கியம் அத்தை இருக்கிறாள். அத்தையின் கைவசம் மெழுகுவர்த்திக் கடை தோமினிக் இருக்கிறார். மனைவியை இழந்தவர், பூசை நடக்கும்போதே பக்கத்து ஆளிடம் மெழுகு விலை பேசுகிறவர். உத்தியோகம் இருக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அத்தையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சகாயம்மாள் வெண்ணந்தூருக்கு வந்தாள். அந்த உத்தியோகத்துக்கு இப்போது ஒரு தகரப் பெட்டி உலை வைக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விடுவாளா? தொண்டை வற்ற நடத்தினாள். ஆனால் சித்திரம் மட்டும் அவள் கைக்கு வராது. கரும்பலகையில் ஒட்டகம் போட்டாள். எது தலை, எது வால் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் காட்டினார்கள். அடுத்த அறையில் ஜன்னலுக்குக் கம்பளி தொங்கியது, உள்ளிருந்து அடிக்கடி ஓவென்று சத்தம் வந்தது. அவள் பிள்ளைகளின் காதெல்லாம் அந்தச் சுவரில்தான். உண்மையைச் சொன்னால், அவள் காதும் அங்கேதான்.

ஒருநாள் அந்த அறையில் கொல்லென்று சிரிப்பு. லாந்தரில் படத்தைத் தலைகீழாகச் செருகினால்தான் சுவரில் நேராக நிற்கும். தீர்த்தகிரி அவசரத்தில் நேராகவே செருகிவிட்டார். ஒட்டகம் கால் நாலும் வானத்தைப் பார்க்கத் தொங்கியது. உடனே சரிசெய்து, சிரித்தவன் காதைத் திருகி, அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

கேள்வி நாள் வந்தது. முதலியார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். லாந்தர் பிள்ளைகளில் சிலர் பொரிந்து தள்ளினார்கள். பலர் திருதிருவென்று விழித்தார்கள். கோழி கூவுமுன் எழுந்து தறிக்குப் பாவு நூல் இழுக்கிற வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு இருட்டும் கம்பளியும் கிடைத்தால் தூக்கம் வராமல் என்ன செய்யும்? சகாயம்மாளின் பிள்ளைகளோ ஒருவர் மிச்சமில்லாமல் பதில் சொன்னார்கள். கடல் என்றால் அக்கரை இல்லாத ஏரி என்றார்கள். எரிமலையா, பாவுக்குக் காய்ச்சுகிற கஞ்சி பொங்கி வழிகிற மாதிரி என்றார்கள். நான் இப்படியெல்லாமா நடத்தினேன் என்று சகாயம்மாளுக்கே மலைப்பு. மனசுக்குள் தோமினிக்குக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டாள்.

அப்போதுதான் சகாயம்மாளின் பாதியிலிருந்து பூவாத்தாள் என்ற பிள்ளை எழுந்தாள். ஒட்டகம் எப்படி நடக்கும் என்பது கேள்வி.

"முதுகுலதானுங்க நடக்கும். மணல் சுட்டாக் காலு வெந்துருமில்லீங்க, அதனால காலை மேல தூக்கிக்கும். திமில் எதுக்கு இருக்குதுங்க, உருள்றதுக்குத்தான."

அவள் பாதி வகுப்பு முழுக்க ஆமாமென்று தலையாட்டியது. வீரபாகுவின் முகம் கறுத்தது. படம் பார்க்காத பிள்ளைக்கு இந்த ஒட்டகம் எங்கிருந்து வந்தது, டீச்சர் திருட்டுத்தனமாக லாந்தர் அறைக்கு அனுப்பினாளா என்று கேட்டார். அது பிறந்த இடம் தெரிந்த தீர்த்தகிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சகாயம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. யார் சொன்னது என்று பூவாத்தாளைக் கேட்டாள். பாவடியில் நாச்சிமுத்து சொன்னான் என்றது பிள்ளை. நாச்சிமுத்து லாந்தர் பாதி.

பாவடி பள்ளிக்கூடத்துக்கு எதிரேதான் இருக்கிறது. தினமும் விடியலில் அங்கே பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அறுந்த இழையை முடியச் சின்ன விரல் வேண்டும் என்று பிள்ளைகளை இரண்டு பக்கமும் நிறுத்துவார்கள். கைக்கு வேலை, வாய்க்கு என்ன வேலை? முந்தின நாள் சுவரில் கண்டதையெல்லாம் லாந்தர் பாதி இந்தப் பக்கம் நின்று சொல்ல, மறு பாதி அந்தப் பக்கம் நின்று குறுக்குக் கேள்வி கேட்டிருக்கிறது. இன்று பொரிந்து தள்ளிய லாந்தர் பிள்ளைகளும் பாவடியில் வாயடித்தவர்கள்தான். ஒட்டகம் நேரானதைச் சொன்னால் யார் சிரிப்பார்கள்? அதனால் அதை மட்டும் நாச்சிமுத்து விட்டுவிட்டான்.

ஆராய்ச்சி கெட்டது என்று வீரபாகு தலையில் கை வைத்தார். மறுபடி நடத்தலாம், அதுவரை இரண்டு பாதியும் ஒன்றோடொன்று பேசாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமுங்களா?" என்றார் முதலியார். பேச்சை நிறுத்தினால் பாவு நின்றுபோகும் என்றார். பிறகு தாடையைச் சொறிந்துகொண்டே சகாயம்மாள் பக்கம் திரும்பினார். "ஏனுங்க டீச்சரம்மா, படத்தை ஒருத்தர் காட்டறாரு, மிச்சத்தைப் பாவடி பாத்துக்குது. அப்பறம் ரெண்டாவது வாத்தியார் எதுக்குங்க?"

போச்சு. மெழுகு வாசனை மூக்கில் ஏறியது. சகாயம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பூவாத்தா, இன்னொரு தடவை சொல்லு சாமி. ஒட்டகம் எப்படி நடக்கும்?"

"முதுகுலதானுங்க டீச்சரம்மா," என்றாள் பூவாத்தாள். இத்தனை சொல்லியும் இவர்களுக்கு ஏறவில்லையே என்ற சலிப்பு அவள் குரலில் இருந்தது.

"இதை நேரா நிக்க வைக்க ஒரு ஆள் வேணுமுங்களே," என்றாள் சகாயம்மாள்.

முதலியார் சிரித்த சிரிப்பில் அங்கவஸ்திரம் நழுவித் தரையில் விழுந்தது. அடுத்த வருஷமும் இரண்டு வாத்தியார்தான் என்று அதை எடுக்கக் குனிந்தபடியே சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் பூசை முடிந்ததும் சகாயம்மாள் தோமினிக் கடைக்குத் தானாகவே போனாள். அவர் எழுந்து நின்றார், அத்தை வாயெல்லாம் பல்லாகப் பின்னால் வந்தாள். சகாயம்மாள் ஒரே ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பி, ஒட்டகத்தின் பேரில் மாதாவுக்கு ஏற்றி வைத்தாள்.