குடை விழும் வேகம்

என் மாமனாரோடு எங்காவது நடந்து போவதென்றால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. ஒரு காலை எடுத்து வைப்பார். அது ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கிறதா என்று மனசுக்குள் பார்த்துக்கொண்ட பிறகுதான் அடுத்த காலை எடுப்பார். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், அளந்து அளந்து அப்படியே பழகிவிட்டது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். பஸ் கிளம்பிவிடும், மழை பிடித்துக்கொள்ளும், சிக்னல் விளக்கு இரண்டு தரம் நிறம் மாறிவிடும். அவர் அசைய மாட்டார். "இது போனா அடுத்தது வரும்மா," என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே நடப்பேன்.

அந்த நடைக்குக் காரணம் சர்வே இல்லை என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. ஆனால் அவருக்கு ஒரு ரகசியம் இருப்பது கல்யாணமான புதிதிலேயே தெரியும். என் கணவர் சமையலறைக்குள் வந்து, ஏதோ கொலை செய்துவிட்டு வந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டிவியில வெட்டுக்கிளின்னு ஒரு ஆள் வருவார்ல, ஊமைப்படத்துல? அவர் எங்க தாத்தா. அப்பா எதிர்ல மட்டும் வாயத் திறந்துடாதே."

வெட்டுக்கிளியைத் தெரியாதவர்கள் உண்டா என்ன. நகைச்சுவைத் துணுக்கு நிகழ்ச்சி எதைப் போட்டாலும் அவர் இருப்பார். மொத்தமே இரண்டு நிமிஷத் துண்டுதான். மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு ஒருவன் வீட்டை விட்டுப் போகிறான். வாசல்வரை போனவன் குடையை எடுக்கத் திரும்பி வருகிறான். மறுபடி போய்த் தொப்பிக்காக வருகிறான். மறுபடி போய் மூக்குக்கண்ணாடிக்காக. மனைவி மேஜைப் பக்கம் திரும்பி, நமக்கும் அவனுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அவன் காலில் ஸ்பிரிங் கட்டியவன்போல உள்ளே துள்ளுகிறான், வெளியே துள்ளுகிறான். டிவிக்காரர்கள் ஒவ்வொரு துள்ளலுக்கும் 'டொய்ங்' என்று ஒரு சத்தத்தை வேறு ஒட்டிவிட்டிருந்தார்கள். படத்தின் மீதி எங்கும் கிடைக்கவில்லை.

அந்தத் துண்டு வந்தால் மாமா எழுந்து போய்விடுவார். கோபமாக அல்ல, தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல. அவர் திரும்பி வருவதற்குள் நாங்கள் சேனலை மாற்றியிருப்போம். வெட்டுக்கிளி யாருடைய அப்பா என்று அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. சொந்தக்காரர்களும் பேச மாட்டார்கள்.

இதில் என் வேலை வேறு இப்படி அமைந்து தொலைத்தது. நான் படக் காப்பகத்தில் ஸ்கேன் அறையில் இருக்கிறேன். பழைய படச்சுருள்களைத் துடைத்து, கிழிந்ததை ஒட்டி, ஒவ்வொரு படமாகக் கணினிக்குள் ஏற்றுவது. "ஆபீஸ்ல இன்னிக்கு என்ன படம்?" என்று மாமா ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அவர் கேட்காததால் நானும் சொன்னதில்லை.

போன வருஷம் ஒரு பழைய சினிமாக் கொட்டகையை இடித்தபோது மாடியறையில் தகர டப்பாக்கள் கிடைத்தன. பாதிக்கு மேல் பிசினாகிவிட்டிருந்தது. ஒன்றில் மட்டும் படச்சுருள் கெடாமல் இருந்தது. விளக்கில் வைத்துப் பார்த்தேன். குடை, தொப்பி, முதுகு காட்டும் மனைவி. அதுவரை எங்களிடம் இருந்தது நகலின் நகல், அதுவும் வீடியோ நாடாவில். இது அசல்.

ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு நொடிக்குப் பதினாறு படம், சில பேர் பதினெட்டு, கையைப் பொறுத்தது. கொட்டகையில் ஓட்டும்போதும் கிட்டத்தட்ட அதே நிதானம். படம் பேச ஆரம்பித்த பிறகு குரல் கெடக் கூடாது என்று வேகத்தை இருபத்துநாலில் கட்டிவிட்டார்கள். அந்த எந்திரத்தில் பழைய சுருளை மாட்டினால், திரையில் இருப்பவர்கள் எல்லோரையும் நாய் துரத்த ஆரம்பித்துவிடும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. ஆனாலும் வெட்டுக்கிளி விஷயத்தில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. துள்ளுவதுதான் அந்த ஆளின் வித்தை என்று ஊரே சொல்லும்போது யார் போய் அளந்து பார்ப்பார்கள்?

எனக்குச் சந்தேகம் வந்தது அவரால் அல்ல, குடையால். இரண்டாம் முறை வெளியே போகும்போது குடை அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழும். அசலைப் பழக்கத்தில் இருபத்துநாலில் ஓட்டிப் பார்த்தபோது அது விழுந்த விதம் கண்ணை உறுத்தியது. யாரோ மேலிருந்து அடித்து வீழ்த்தியதுபோல விழுந்தது. ஆளைத் துள்ள வைக்கலாம். குடைக்கு நடிக்கத் தெரியாது.

என் குடையை எடுத்து அறை நடுவில் நின்று கீழே போட்டேன். மறுபடி போட்டேன். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்து, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள். "குடை எப்படி விழுதுன்னு பாக்கறேன்," என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை, தன் நாற்காலியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நான் திரையில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பதினாறுக்கு வந்தபோது அவர் குடையும் என் குடையும் ஒரே மாதிரி விழுந்தன.

பிறகு முதலிலிருந்து ஓட்டினேன்.

துள்ளலைக் காணோம். ஒரு மனிதன் வாசலுக்கு நடந்து போகிறான். நிலைப்படியைத் தாண்டுவதற்கு முன் நிற்கிறான். நமக்குத் தெரிவது முதுகு மட்டும்தான். அந்த முதுகு காது கொடுத்துக் கேட்கிறது. அவள் கூப்பிடுவாளா என்று தோள்பட்டை மெல்ல உயர்கிறது, கூப்பிடவில்லை என்றதும் இறங்குகிறது. அதற்குப் பிறகுதான் அவனுக்குக் குடை ஞாபகம் வருகிறது. வேகமாக ஓட்டியபோது வெறும் வெட்டிழுப்பாகத் தெரிந்தது இதுதான். தொப்பிக்கு வரும்போது தோள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கிறது. இன்றைக்கும் எந்தத் தொடரைப் போட்டாலும் கோபித்துக்கொண்டு போகிறவன் வாசலில் ஒரு கணம் நிற்கிறான். நம் வீட்டுச் சண்டையில் நாமும் நிற்கிறோம். பேச வாயில்லாத அந்தக் காலத்து ஆட்கள் முதுகை வைத்தே எழுதிவைத்துவிட்டுப் போனதைத்தான் நாம் இன்னும் சொந்தச் சரக்குபோலச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. பக்கத்து மேஜைக்காரி நாற்காலியை மேலும் தள்ளிக்கொண்டாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மாமா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்க எனக்கு வராது.

"மாமா, ஒருநாள் எங்க ஆபீசுக்கு வரணும். உங்க அப்பா படத்தோட அசல் சுருள் கிடைச்சிருக்கு."

இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் நின்றுவிட்டது. நான் எட்டி அதைத் தூக்கி வைத்தேன்.

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்," என்றார்.

"அவர் அதுல துள்ளவே இல்ல மாமா. மெஷின்தான் வேகமா ஓட்டிடுச்சு."

சட்டைக் கையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இதையேதான் அவரும் சொன்னார்," என்றார் கடைசியில். "ஸ்கூல்ல ஒருநாள் படம் போட்டாங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன், அது யாருன்னு தெரியற வரைக்கும். அப்போ அவர் நடிப்பெல்லாம் விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு, துணிக்கடையில அளந்து கிழிச்சுக்கிட்டிருந்தார். மறுநாள்லேர்ந்து நான் எழுந்து நடந்தா பின்னாடி நாலு பேர் துள்ளுவாங்க. வீட்டுக்கு வந்து கத்தினேன், ஏன் இப்படிக் கோமாளித்தனம் பண்ணீங்கன்னு. 'நான் அப்படி நடக்கலடா, அதுல நான் அவசரமே படல'ன்னார். நான் கண்ணால பாத்துட்டு வந்திருக்கேன். என் முகத்தப் பாத்தே பொய் சொல்றாரேன்னு ஆயிடுச்சு. ஸ்கூல் பக்கம் வராதீங்கன்னு சொல்லிட்டேன். அவர் வரல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவர் எது சொன்னாலும் பாதிதான் நம்புவேன், சாகற வரைக்கும். ஒரு பொய் சொன்னவர்தானே." சட்டையை ஹேங்கரில் மாட்டினார். "நான் வேகமா நடந்து நீ பாத்திருக்கியா? யாராவது ஒருத்தர் பாத்து, இவன் அவன் புள்ளைன்னு கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு இருந்தேன்."

இத்தனை வருஷம் பஸ்ஸை விட்டதற்காக அவரை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

நாலைந்து நாள் கழித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தானாகவே கிளம்பி வந்தார். ஸ்கேன் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். முதலில் டிவியில் வரும் வேகத்தில் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம், பார்த்திருக்கிறேன் என்றார்.

திரையில் அவருடைய அப்பா வாசலை நோக்கி நடந்தார். ஒரு காலை எடுத்து வைத்தார். அது ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டதுபோல இருந்தது. பிறகு அடுத்த கால். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே ஆளோடுதான் நான் இத்தனை காலமும் கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"மாமா, இது உங்க நடை."

"தெரியுது," என்றார்.

ஓடி முடிந்தது. அவர் வெற்றுத் திரையையே பார்த்தார். "அவர் பொய் சொல்லலம்மா," என்றார். என்னிடம் சொல்வதுபோல இல்லை. இன்னொரு தரம் போடச் சொன்னார். அப்புறமும் ஒரு தரம். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, அது பாட்டுக்கு வழிந்தது. மூன்றாவது தரம் முடிந்ததும் அவருக்குள் இருந்த சர்வேயர் விழித்துக்கொண்டார்.

"இதை வெளில காட்டுவீங்களா?"

"அடுத்த வாரம் காப்பகத்து ஆண்டு விழா. அதுல போடலாம்னு இருக்கேன்."

"ஒருத்தரும் சிரிக்கலைன்னா?"

நான் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை. சிரிப்புதானே இத்தனை காலம் அவரை அரித்தது.

"அவர் அழ வைக்கறதுக்கு நடிக்கலம்மா. சிரிக்க வைக்கத்தான் நடிச்சார். துள்ளினதால சிரிச்சது அவரோட கணக்குல சேராது. இதுக்கு எவனும் சிரிக்கலைன்னா, அவருக்கு வேலை தெரியலைன்னுதானே அர்த்தம்? பொய் சொல்லாதவர்னு ஆச்சு, சரி. வேலை தெரிஞ்சவரா இல்லையா?"

காப்பகத் தலைவருக்கும் அதே பயம்தான், ஆனால் வேறு காரணத்துக்கு. "ஜனங்களுக்குப் பழக்கம் அந்தத் துள்ளல்தான். இப்படி நத்தை மாதிரி ஓட்டினா ஹால்ல குறட்டை சத்தம்தான் கேக்கும்," என்றார். வேகத்தைக் கூட்டச் சொன்னார். நான் முடியாது என்றேன். நடுவில் ஒரு வேகம் வைத்துக்கொள்ளலாமே என்று பேரம் பேசினார். குடை ஒரு வேகத்தில்தான் விழும் என்றேன். "அப்ப உங்க பொறுப்பு," என்று கையை உதறிக்கொண்டார்.

விழா அன்று ஹால் நிறைந்திருந்தது. மாமா நடு வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு மறுபக்கம் முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா. வெட்டுக்கிளி என்று அறிவித்ததுமே நாலைந்து பேர் முன்கூட்டியே சிரித்துவிட்டார்கள். விளக்கு அணைந்தது. சத்தம், இசை எதுவும் வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன்.

குடைக்குத் திரும்பி வந்தார். ஹாலில் ஒரு சிரிப்பு இல்லை. எதிர்பார்த்தது வராமல் ஏமாந்த சலசலப்பு. யாரோ இருமினார்கள். எனக்கு முன்னால் ஒருவர் போனை எடுத்து மணி பார்த்தார். குடை விழுந்தது, அதற்கும் ஒன்றுமில்லை. தொப்பிக்கு வந்தபோது பின்னால் ஒரு கொட்டாவி. மாமா நாற்காலிக் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துவிட்டன. தலைவர் பேச்சைக் கேட்டிருக்கலாமோ என்று எனக்கே ஆகிவிட்டது.

மூன்றாம் தடவை அவர் வாசலுக்குப் போனார். நின்றார். தோள் மெல்ல ஏறியது. அப்போது இடது பக்கம் எங்கிருந்தோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவர் இன்னும் திரும்பக்கூட இல்லை. திரும்பப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தோள் இறங்கியது, ஒரு வரிசை சிரித்தது. மூக்குக்கண்ணாடிக்காகத் திரும்பியபோது ஹால் மொத்தமும் சிரித்தது. அடுத்த தடவை அவர் வாசலை நோக்கிக் காலெடுத்து வைத்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றார், அவ்வளவுதான். மணி பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவருக்கு எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. வெறுங்கையோடு வந்து நின்று, சுவரில் கோணலாகத் தொங்கிய படம் ஒன்றை நேராக்குகிறார். சிரிப்பு தானாகவே அடங்கியது. யாரும் அடக்கவில்லை. மனைவியின் கை மேஜைமேல் அசைவதற்குள் சுருள் முடிந்து திரை வெளுத்தது.

அப்புறம் கைதட்டல் எழுந்தது. மாமா தட்டவில்லை. நாற்காலிக் கையை விட்டுவிட்டு அந்தப் பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"அவர் எங்கப்பா," என்றார்.

கைதட்டலில் அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. "என்ன சொல்றீங்க?" என்று காதைக் கொடுத்தார்.

மாமா எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்துக் கைதட்டல் ஓய்ந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"எங்கப்பாங்க," என்று உரக்கச் சொன்னார். முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உட்காரவில்லை.