கண் மூடிய மூன்று படங்கள்

காலையிலேயே அந்த வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக வேலை பார்க்கும் அவள், பேருந்து ஓட்டுநர்களின் கண்களைக் கவனிக்கும் கேமரா வேண்டும் என்று நகர மண்டபத்தில் புதுக் கருவிகளைப் பற்றி நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசப் போகிறாள். பேருந்து ஓட்டும் அவள் கணவனோ, வேண்டவே வேண்டாம் என்கிற சங்கத்து வரிசையில் உட்காரப் போகிறான். அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "நெஜமா நீங்க தூங்கலையா?" என்று மறுபடியும் கேட்டாள். "எத்தன தடவ சொல்றது? தூங்கல, தூங்கல, தூங்கல." மூன்று முறை அவன் வண்டியில் தூங்கியதாக, சோதனைக்காக மாட்டியிருந்த கேமரா கோள் சொல்லியிருந்தது. இன்று அதிகாரிகள் அதை ஏற்றுக்கொண்டால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பணிமனை வாசலில் காவலுக்கு உட்கார வேண்டியதுதான். அவனை நம்ப அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஓட்டுநர் கண்ணயர்ந்த வண்டிகளில் வந்தவர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளியிருக்கிறாளே, அதுதான் குறுக்கே நின்றது.

மண்டபத்தில் நிற்க இடமில்லை. முகத்தை வைத்தே திருடனைக் கண்டுபிடிக்கும் போலீஸ் கேமராவை ஒருவர் வானளாவப் புகழ்ந்தார். "திருடுனது என் அண்ணன், பிடிச்சது என்னை. நாங்க ரெட்டைங்க சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் தன் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரையே பார்ப்பதாகவும், ஒருநாள் அதற்கே ஊசி போட்டுவிடுவார் என்றும் சொல்லி ஒரு பெரியவர் கைதட்டல் வாங்கினார். பிறகு அவள் எழுந்தாள். "எந்த டிரைவரையும் நான் குத்தம் சொல்லல. ஆனா அடிபட்டு வர்றவங்களுக்கு நான்தான் கட்டுப் போடறேன். கேமரா இருக்கட்டும்." சங்கத்து வரிசை முணுமுணுத்தது. அந்த வரிசையில் ஒரே ஒரு ஆள் மட்டும் தன்னை மறந்து கைதட்டினான். அவள் கணவன்தான்.

கேமராவின் திறமைக்குச் சாட்சி என்று போக்குவரத்து அதிகாரி திரையில் மூன்று படங்களைப் போட்டார். பேர் சொல்ல மாட்டோம் என்றார். மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பி அவனைப் பார்த்தார்கள். படங்களில் அவன் கண்கள் இறுக மூடியிருந்தன. முதலில் அவள் நர்ஸாகத்தான் பார்த்தாள், தூக்கம் என்றே பட்டது. அப்புறம் அந்தத் தோள்களைக் கவனித்தாள். மூன்று படத்திலும் அவை காதைத் தொட ஏறியிருந்தன. இடது கன்னத்தில் ஒரு குழி. வீட்டில் மாட்டியிருக்கும் எந்தப் போட்டோவிலும் இந்த மனிதனுக்குக் கண் கிடையாது. போட்டோ எடுத்தவர்கள் எல்லாம் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"சார், இது தூக்கமில்ல. சிரிப்பு!"

வாய்விட்டுக் கத்திவிட்டாள். எல்லோரையும்விட அதிகம் திகைத்தவன் அவன்தான். போட்டோவில் மட்டும்தான் தனக்குக் கண் மூடும் என்று நினைத்திருந்தான். "வண்டி நிக்குது பாருங்க, கதவு தொறந்திருக்கு, ஆள் ஏறுறாங்க" என்று அவள் திரையைக் காட்டினாள். "ஸ்டாப்புல நான் ஏதாவது ஜோக் சொல்லியிருப்பேன் அண்ணி" என்று அவன் வண்டிக் கண்டக்டர் தலையைச் சொறிந்தான். "சரிம்மா, எப்படி நம்பறது?" என்றார் அதிகாரி.

காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த கேமராப் பெட்டியை மேசையில் வைத்து அவனை அதன் முன்னால் உட்கார்த்தினார்கள். சிரிக்கச் சொன்னதும் அவனுக்குப் பாஸ்போர்ட் முகம் வந்துவிட்டது. கண்டக்டர் தன் சரக்கையெல்லாம் கொட்டிப் பார்த்தான், ஒன்றும் எடுபடவில்லை. அவள் கிட்டே போனாள். "ஏங்க, நீங்க மட்டும் நெஜமா தூங்கியிருந்தா இந்தப் பெட்டி எதுக்கு? உங்க குறட்டைக்கு எதிர்ல வர்ற லாரியே ஓரங்கட்டி வழி விட்டிருக்குமே!"

அவன் தோள்கள் குலுங்கி மேலே ஏறின. கண்கள் காணாமல் போயின. 'எச்சரிக்கை! ஓட்டுநர் உறங்குகிறார்!' என்று பெட்டி அலறியது. மண்டபம் அதிர்ந்தது. அதை நிறுத்தக் குனிந்த அதிகாரியும் அடக்க முடியாமல் சிரித்துவிட, பெட்டி அவரையும் விடவில்லை. 'ஓட்டுநர் உறங்குகிறார்!'

சிரிப்பு ஓய்ந்ததும், "இப்பவும் எனக்குக் கேமரா வேணும் சார்" என்றாள். "ஆனா அதுக்கு மனுஷங்களப் பழக்கிக் குடுங்க." அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, விசாரித்து முடிவெடுக்கும்வரை அவன் வண்டியை ஓட்டலாம் என்றார். அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை பேர் நடுவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் அவன் வண்டியிலேயே வேலைக்குப் போனாள். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நிறுத்தத்தில் கண்டக்டர் என்னவோ சொல்ல, 'ஓட்டுநர் உறங்குகிறார்!' என்று அது கத்தியது. "நம்ம டிரைவர் நல்லாத்தான் இருக்காரு" என்றபடி ஒருவர் பேப்பரைப் புரட்டினார். கண்ணாடியில் அவள் பார்த்தாள்: கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள். கதவு மூடியது, விசில் கேட்டது. கோடுகள் அகலத் திறந்து சாலையைப் பார்த்தன. பெட்டியும் வாயை மூடிக்கொண்டது.