இருபத்தேழு குளம்புத் தடங்கள்

"சேத்துல வச்சி ஓட்டிக் காட்டுங்க. அப்பறம் பேசலாம்" என்று எழிலரசி கேட்டது 2009 ஆவணியில், சிதம்பரத்தில், நடனசபாபதியின் பவர் டில்லர் கடையில். எது வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று பஸ் ஏறியதிலிருந்து அவள் அப்பா சாமிக்கண்ணு சொல்லிக்கொண்டு வந்தது இதைத்தான். டீசல் இன்ஜினைச் சேற்றில் ஓடவிட்டால் அதைச் சுற்றிக் குதிரைக் குளம்பு பதியும். எட்டுக் குதிரைசக்தி என்றால் எட்டுக் குதிரை, முப்பத்திரண்டு தடம். 2005 வெள்ளம் வடிந்ததிலிருந்து அந்தப் பக்கத்தில் அப்படித்தான். குதிரையை யாரும் கண்டதில்லை, கனைப்பும் கேட்டதில்லை. தடம் மட்டும் சேறு காயும்வரை கிடக்கும். முதல் வருஷம் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வருஷம் அதுவும் இல்லை. டில்லர் விற்கிறவர்கள் மட்டும் அந்த முதல் வருஷமே கடை வாசலுக்குச் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டவனுக்கு ரிப்பேர் பார்க்க ஆள் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் கேட்கவில்லை.

புவனகிரிக்குக் கிழக்கே அவர்களுக்கு ஒன்றேகால் ஏக்கர், மூன்று துண்டாக, கால் வைத்தால் முழங்கால்வரை உள்வாங்கும் களிமண். ஊரில் இருந்த ஒரே டிராக்டர், ஊர்த்தெரு நிலமெல்லாம் உழுது முடித்த பிறகே காலனிப் பக்கம் திரும்பும். அதற்குள் நாற்று முற்றிப்போகும். ஏழு சம்பா அப்படிப் போயிற்று. இந்த வருஷம் அம்மா சின்னம்மாள் பெயரில் டில்லர் மானியம் வந்திருந்தது. இன்னொரு முறை வராது. எட்டா பன்னிரண்டா என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. தப்பாக நிரப்பினால் மறுபடி டிராக்டர்காரன் வாசல்தான்.

கூடவே கடைக்கு வந்திருந்த தாய்மாமன் ராஜவேல் பன்னிரண்டு என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கடையில் அவர் வாங்கியதும் பன்னிரண்டுதான். ஆனால் உழுது முடித்த நிமிஷமே, பங்காளிகள் வரப்புக்கு வருவதற்குள், அவர் அவசரமாகப் பரம்படித்துச் சேற்றைச் சமன்படுத்திவிடுவதை எழிலரசி மூன்று சம்பாவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அந்த வண்டி களியில் அச்சுவரை இறங்கி, இரண்டு மாடு கட்டி இழுத்தார்கள். அன்றும் மாமா முதலில் தேடியது பரம்பைத்தான். அந்தத் தெருவின் முதல் டிகிரி அவளுடையது, இயற்பியல். ஒரு குதிரைசக்தி எழுநூற்று நாற்பத்தாறு வாட் என்று மூன்று வருஷம் எழுதி மார்க் வாங்கியவள். இப்போது அந்தக் கணக்கையும் அவள் நம்பவில்லை. வாட்டுக்குக் குளம்பு கிடையாது.

நடனசபாபதி சிரித்தார். "இன்னா பாப்பா, தகட்டுலதான் பன்னெண்டுன்னு அடிச்சிருக்கே. படிச்ச புள்ள, படிக்கத் தெரியாதா?"

"தகடு அடிக்கிறது யாரு, குதிரையா?"

"ஐயோ எழிலு, மொதலாளிகிட்ட இன்னா பேச்சு" என்று சாமிக்கண்ணு கும்பிடப் போன கையை அவள் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இங்க சேத்துக்கு எங்கம்மா போறது? கண்ணுக்கு எட்டுனவரைக்கும் சிமெண்டு" என்றார் நடனசபாபதி.

அவள் சொல்லிவைத்திருந்த குட்டியானை வண்டி அப்போது வாசலில் வந்து நின்றது. அதில் அவர்கள் நிலத்துக் களிமண் பன்னிரண்டு மூட்டை. சாமிக்கண்ணுவுக்கே இது தெரியாது. சிமெண்ட் தரையில் அவளே கொட்டினாள், கடைக் குழாயைத் திறந்து நீர் விட்டாள், காலால் மிதித்துக் குழைத்தாள். தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது. இனி நடனசபாபதி முடியாது என்று சொன்னால் அது பொய்யை ஒப்புக்கொண்டதாகிவிடும். மெக்கானிக் தேவசகாயம் முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டைச் சேற்றில் இறக்கி, கைப்பிடி போட்டுச் சுற்றினார். அது நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஓடியது. எழிலரசி குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். இருபத்தேழு.

"ஏழு குதிரை. அதுலயும் ஒண்ணு நொண்டி."

"நொண்டுனா அதுக்கு நானா பொறுப்பு? கம்பெனிய கேளு" என்றார் நடனசபாபதி.

அவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங்களுக்கு எத்தன மாமா?"

ராஜவேல் குட்டியானையின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு" என்றார்.

"அப்பறம் ஏன் எங்கள பன்னெண்டு வாங்கச் சொன்னீங்க?"

"நான் மட்டும் ஏமாந்ததா இருக்க வேணாம்னுதான்" என்றார்.

பலகையால் சேற்றைச் சமன்செய்து எட்டை இறக்கினார்கள். அது இளைத்த இன்ஜின், மூலையில் தூசியேறிக் கிடந்தது. எடை குறைவு, களியில் அமிழாமல் நின்றது. முப்பத்திரண்டு தடம் ஆழமாக விழுந்தது. அவற்றுக்கு நடுவே, கொட்டாங்குச்சியைவிடச் சின்னதாக, இன்னும் நான்கு.

"குட்டி" என்றார் தேவசகாயம், டீசல் அளவு சொல்கிற குரலில். "செனையா இருந்திருக்கும். ரொம்ப நாளா விக்காம கெடந்துச்சில்ல."

நடனசபாபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒருமுறை எண்ணினார். "அப்ப இது எட்டு இல்லியே, ஒம்போது. ரேட்டு ஜாஸ்தியாவும்."

"தகட்டுல எட்டுன்னுதான் அடிச்சிருக்கு. படிக்கத் தெரியாதா?"

கூட்டம் சிரித்தது. சாமிக்கண்ணுகூடச் சிரித்துவிட்டு வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். எழிலரசி விண்ணப்பத்தை இன்ஜின் மேலேயே வைத்து, காலிக் கட்டத்தில் எட்டு என்று எழுதினாள். சேற்று விரலின் ரேகை பக்கத்தில் பதிந்தது. அதை மேசையில் போட்டாள்.

"இந்தச் சேத்த யாரு அள்றது?" என்று நடனசபாபதி கத்தினார்.

"கெடக்கட்டும். அடுத்து வர்றவங்களும் எண்ணிப் பாக்கட்டும்."

அந்தச் சேறு 2012 வரை அங்கேயே கிடந்தது, எந்தக் கோடையிலும் காயவில்லை. வாங்க வந்தவர்கள் எண்ணிப் பார்த்தே வாங்கினார்கள். அன்று அவள் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய செருப்புத் தடத்தை ஒட்டி, சேற்றிலிருந்து சிமெண்டுக்கு ஏறி, சின்னக் குளம்புகள் நான்கும் ஈரமாகப் பதிந்துகொண்டே தெருவுக்கு இறங்கின. தேவசகாயம் கையைத் துடைத்துக்கொண்டு, அது போக வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.